புலம்பலும் நன்றியும்: தமிழ்க் கிறித்தவச் சபை வழிபாட்டில் சங்கீதங்கள்

ஆய்வுச் சுருக்கம்

விவிலியத்தின் சங்கீத நூல் 150 பாடல்களைக் கொண்டது. எபிரேய மரபு இதனைத் 'தெகில்லீம்', அதாவது 'துதிகள்' என்று அழைக்கிறது. ஆயினும் இந்நூலில் மிகுதியாகக் காணப்படுவன புலம்பல் பாடல்களே. துதி என்னும் பெயரும் புலம்பல் என்னும் உள்ளடக்கமும் ஒரே நூலில் பொருந்துமாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அழுகையின் நிலைக்களன்களும், புறத்திணையின் கையறுநிலைத் துறையும் இவ்வாய்வுக்கு ஒப்பீட்டுக் கருவிகளாகின்றன. தமிழ் மொழிபெயர்ப்புகளின் சொற்றேர்வும், தமிழ்ச் சபைகளின் வழிபாட்டு ஒழுங்கும் உடன் நோக்கப்படுகின்றன. துக்கத்தையும் நன்றியையும் இணைக்கும் கண்ணி தனிமனித மனமாற்றம் அன்று, சபை என்னும் கூட்டமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: சங்கீதம், திருப்பாடல், புலம்பல், நன்றி, அழுகை, கையறுநிலை, சபை, மொழிபெயர்ப்பு

முன்னுரை

தமிழில் விவிலிய மொழிபெயர்ப்பு முந்நூறு ஆண்டு வரலாறு உடையது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் 1715இல் முழுமையாக அச்சேறியது. அவர் தொடங்கி வைத்த பழைய ஏற்பாட்டுப் பணியைச் சூல்சு நிறைவு செய்தார். பின்னர் பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பும், 1871இல் வெளிவந்த பவர் குழுவினரின் திருத்தப் பதிப்பும் சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டு மொழியை வடிவமைத்தன. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. முன்னது 'சங்கீதம்' என்பதைப் பின்னது 'திருப்பாடல்' என்கிறது.

இவ்வரலாற்றில் சங்கீதங்கள் பெற்ற இடம் தனித்தது. நற்செய்திகளும் மடல்களும் சபையை நோக்கிப் படிக்கப்படுவன. சங்கீதமோ சபையின் வாயினின்று இறைவனை நோக்கி எழுவது. சாவு வீட்டிலும் மகப்பேற்று நன்றியிலும் ஒரே நூலே திறக்கப்படுகிறது. எனினும் தமிழில் இந்நூல் பற்றிய கருத்துரைகள் பெரும்பாலும் இறையியல் நோக்கில் அமைந்தனவே. தமிழ் இலக்கணக் கோட்பாடுகளின் துணைகொண்டு இதன் துக்கமொழியையும் நன்றிமொழியையும் அணுகுதல் இன்னும் விரிவாக மேற்கொள்ளப்பட வேண்டிய பணியாகும். இக்கட்டுரை அத்திசையில் ஒரு தொடக்கம். எபிரேய எண்முறையே இங்குப் பாடல் எண்களுக்குப் பின்பற்றப்படுகிறது. வசனங்கள் மேற்கோளாகத் தரப்படாமல் அவற்றின் பொருள் மட்டும் சுட்டப்படுகிறது.

நூலமைப்பும் பாடல் வகைமையும்

சங்கீத நூல் ஐந்து பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது (1–41, 42–72, 73–89, 90–106, 107–150). முதல் நான்கு பகுதிகளும் ஒவ்வொரு வாழ்த்துரையோடு முடிகின்றன. இறுதிப் பாடலாகிய 150 முழுவதுமே வாழ்த்தாக அமைகிறது. நூலின் முற்பாதியில் புலம்பல் மிகுதி. பிற்பாதியில் துதி மிகுதி. எனவே 'துதிகள்' என்னும் பெயர் எண்ணிக்கை பற்றி வந்ததன்று. நூல் செல்லும் திசை பற்றி வந்தது எனக் கொள்ளலாம்.

செருமானிய அறிஞர் எர்மன் குங்கெல் (1862–1932) சங்கீதங்களை வடிவ அடிப்படையில் வகைப்படுத்தினார். துதிப்பாடல், தனியாள் புலம்பல், சமூகப் புலம்பல், தனியாள் நன்றிப்பாடல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் தனியாள் புலம்பலே தொகையால் மிக்கது. அதன் உறுப்புகள் விளி, முறையீடு, வேண்டுகோள், நம்பிக்கை மொழி, நேர்ச்சை என்பன. சங்கீதம் 13 ஆறே வசனங்களில் இவ்வுறுப்புகளுள் பெரும்பாலானவற்றைக் கொண்டு இதற்கு நல்ல சான்றாகிறது. முதலிரு வசனங்களில் 'எதுவரை' என்னும் பொருள்பட்ட வினா நான்கு முறை அடுக்கி வருகிறது. அடுத்த இரு வசனங்கள் வேண்டுகின்றன. இறுதி இரு வசனங்கள் பாடுவேன் என்னும் உறுதியில் முடிகின்றன.

பின்வந்த வால்டர் புருகெமன் சங்கீதங்களை வாழ்நிலை நோக்கி அடுக்கினார். ஒழுங்கில் நிலைபெற்ற வாழ்வு, ஒழுங்கு குலைந்த வாழ்வு, எதிர்பாராது கிடைத்த புதிய ஒழுங்கு என்பன அவர் காட்டும் மூன்று நிலைகள். புலம்பல் இரண்டாம் நிலைக்கும் நன்றி மூன்றாம் நிலைக்கும் உரியன. நன்றி என்பது குலைவை அறியாத நிறைவு அன்று, குலைவின் வழியாக வந்தவரின் மொழி என்பது இவ்வடுக்கினால் விளங்கும்.

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பேராசிரியர் உரைவழி நோக்கின், இளிவு பிறரால் இகழப்பட்டு எளியனாதல். இழவு சுற்றத்தாரையும் இன்பந்தரும் நுகர்ச்சியையும் இழத்தல். அசைவு பண்டைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல். வறுமை துய்க்கப்பெறாத பற்றுள்ளம். இந்நான்கும் புலம்பல் சங்கீதங்களின் முறையீட்டுப் பகுதிகளுக்கு வியப்பூட்டும் அளவு பொருந்துகின்றன.

இளிவு இவற்றுள் தலைமை பெறுகிறது. சங்கீதம் 22இல் பாடுவோன் தன்னை மனிதனாகவே எண்ணாமல் புழுவாக எண்ணுகிறான். காண்போர் அவனை ஏளனம் செய்து தலையசைக்கின்றனர். சங்கீதம் 69இலும் நிந்தையே பாடலின் முதன்மைப் பொருள். சங்கீதம் 44இல் இவ்விளிவு ஒருவனுக்கன்றி ஓர் இனத்துக்கே நேர்கிறது. அசைவுக்குச் சங்கீதம் 42 சான்று. திருவிழாக் கூட்டத்தோடு கோயிலுக்கு நடந்த நாள்களை நினைந்து நினைந்து பாடுவோன் உருகுகிறான். இன்றைய துயரைவிட அன்றைய மகிழ்வின் நினைவே அவனை அழச்செய்கிறது. வறுமைக்குச் சங்கீதங்கள் 70, 86, 109 ஆகியன சான்றாகும். அங்கே பாடுவோன் தன்னை எளியவன் என்றும் தேவையுற்றவன் என்றும் அறிமுகம் செய்துகொள்கிறான். எனினும் உரையாசிரியர் கூறும் பற்றுள்ளமும் சங்கீதம் காட்டும் ஏழ்மையும் முற்றும் ஒன்றல்ல. சங்கீதத்தின் எளியவன் இன்பம் பெறாதவன் மட்டுமல்லன். நீதி கிடைக்கப் பெறாதவன்.

இழவு தனித்து ஆராயத்தக்கது. இன்றைய தமிழ் வழக்கில் 'இழவு' என்பது சாவையே குறிக்கிறது. ஆனால் இறந்தோரைக் குறித்த ஒப்பாரி சங்கீத நூலில் இல்லை எனலாம். எபிரேய மரபில் இறந்தோர்க்கான புலம்பல் 'கினா' எனத் தனிவகையாக வழங்கியது. சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடிய புலம்பல் இவ்வகையினது. அது சங்கீத நூலில் இடம்பெறாமல் இரண்டாம் சாமுவேல் நூலின் முதல் அதிகாரத்தில் அமைந்துள்ளது. சங்கீதப் புலம்பல்களோ நோயுற்றவன், பழிக்கப்பட்டவன், கைவிடப்பட்டவன் ஆகியோர் தம்பொருட்டு எழுப்பும் குரல்கள். அங்கு இழவு சாவாக வருவதினும் உறவினர் விலகிப் போதலாகவே வருகிறது. சங்கீதம் 31இல் உயிரோடிருப்பவனே செத்தவனைப் போல மறக்கப்படுகிறான்.

எனவே சபைகள் சாவுத்துயரில் சங்கீதங்களை மன்றாடும்போது ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்கிறது. பாட்டின் பொருள் இறந்தவரிலிருந்து எஞ்சியிருப்பவருக்கு நகர்கிறது. ஒப்பாரி மறைந்தவரின் பெருமையைப் பேசும். சங்கீதம் துயருற்றவரின் நிலையை இறைவன்முன் வைக்கும். இவை ஒன்றுக்கொன்று மாற்றல்ல, இருவேறு தேவைகளுக்கு உரியன.

கையறுநிலையும் முறையீடும்

புறத்திணைத் துறைகளுள் கையறுநிலை, தலைவனோ புரவலனோ இறந்தவழிச் சார்ந்தோர் செயலற்று வருந்துவதைப் பாடுவது. பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடல் இத்துறையின் உச்சம். அன்று, இன்று என்னும் கால எதிர்நிலையே அதன் உயிர். சங்கீதம் 42இன் நினைவுமுறையும் இதே எதிர்நிலையில் இயங்குகிறது. இழப்பை விளக்கிச் சொல்லாமல் பண்டை நாளை எண்ணிக் காட்டியே அழவைக்கும் உத்தி இரண்டிற்கும் பொது.

வேறுபாடு கேட்போரிடத்து உள்ளது. கையறுநிலையில் மறுமொழி தரவல்லவர் எவரும் இல்லை. மறைந்தவனையோ, அவன் குன்றையோ, முல்லைக் கொடியையோ பாடலாம், விடை வராது. சங்கீதப் புலம்பலில் கேட்போன் உயிருள்ளவன். அதுமட்டுமன்று, துயரத்துக்குப் பொறுப்பானவன் என்றும் குற்றஞ்சாட்டப்படுகிறான். மறந்தாய், முகம் மறைத்தாய், தூரமாய் நின்றாய் என்னும் கருத்துடைய முறையீடுகள் சங்கீதங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. 'கையறுதல்' செயலறுதல் எனின், சங்கீதப் புலம்பலைச் செயலற்ற நிலையிலும் எஞ்சும் ஒரே செயலாகிய முறையீடு எனலாம்.

இறைவனோடு இவ்வாறு வழக்காடுதல் தமிழ்ப் பக்தி மரபுக்குப் புதியதன்று. கண்ணொளி இழந்த சுந்தரர் திருவாரூரில் இறைவனைக் கடிந்து பாடியதைப் பெரியபுராணம் பேசுகிறது. தோழமை உரிமையால் எழும் அக்கடிந்துரை பக்தியின் குறைவாகக் கொள்ளப்படவில்லை. நெருக்கத்தின் சான்றாகவே கொள்ளப்பட்டது. சங்கீத முறையீட்டின் அடிப்படையோ தோழமையினும் உடன்படிக்கை. வாக்களித்தவன் வாக்கை நினைவூட்டப்பெறுகிறான். அடிப்படை வேறாயினும், முறையிடுதல் நம்பிக்கையின்மை ஆகாது என்னும் உணர்வு தமிழ் வாசகர்க்கு இயல்பாகவே வாய்க்கத்தக்கது.

திருப்பமும் கூட்டமும்

புலம்பல் சங்கீதங்கள் பல திடீரெனத் துதிக்குத் திரும்புகின்றன. சங்கீதம் 22இல் 21ஆம் வசனம் வரை கொடுவிலங்குகளின் நடுவே தவிக்கும் குரல். 22ஆம் வசனம் முதல் சபை நடுவே துதிக்கும் குரல். இடையில் நிகழ்ந்தது யாது என்பது வெளிப்படச் சொல்லப்படவில்லை. குருவின் வாயினின்று வந்த மீட்பு அருள்வாக்கே இத்திருப்பத்துக்குக் காரணம் என்று பெக்ரிக் 1934இல் கருத்துரைத்தார். அக்கருத்து பரவலாக எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. ஆயினும் பெரும்பாலான பாடல்களில் அவ்வாக்கு இடம்பெறாமையின் அது கருதுகோள் அளவிலேயே நிற்கிறது.

பாடலில் வெளிப்படையாக உள்ளது வேறொன்று. திருப்பம் நிகழும் இடத்தில் மனிதர் வருகின்றனர். சங்கீதம் 22இன் முற்பகுதியில் பாடுவோனைச் சூழ்ந்தவர் பகைவரும் ஏளனம் செய்வோருமே. பிற்பகுதியிலோ சகோதரரும் பெருஞ்சபையும் சூழ்கின்றனர். ஏழைகள் உண்டு நிறைவுறுகின்றனர். அவன் நோய் தீர்ந்ததா, பகை ஒழிந்ததா என்பதைப் பாடல் கூறவில்லை. அவன் தனியன் அல்லன் என்பதைக் கூறுகிறது. இளிவினால் மனிதத்தன்மை இழந்தவனாகத் தன்னை உணர்ந்தவன் 'சகோதரர்' என்னும் உறவுச்சொல்லைப் பெறுகிறான். துயருற்றவனின் துயரை இறைவன் அருவருக்கவில்லை என்று 24ஆம் வசனம் கூறுவது இதனோடு இயைகிறது. ஊர் இகழ்ந்ததை இறைவன் இகழவில்லை. ஆதலின் சபையும் இகழ்தல் கூடாது.

சிலுவையில் இயேசு கூறிய மொழியாக மாற்கும் மத்தேயுவும் பதிவுசெய்வது இச்சங்கீதத்தின் தொடக்கமே. எனவே கிறித்தவச் சபைக்கு இம்முறையீடு பண்டை இசுரயேலின் குரலாக மட்டும் எஞ்சவில்லை. கைவிடப்பட்டமையைச் சொல்லும் உரிமை நம்பிக்கையின் மையத்திலேயே பொறிக்கப்பட்டதாயிற்று.

திரும்பாத பாடல்

எல்லாப் புலம்பலும் துதிக்குத் திரும்புவதில்லை. சங்கீதம் 88 இருளில் தொடங்கி இருளில் முடிகிறது. எபிரேய மூலத்தில் அதன் இறுதிச் சொல்லே இருட்டைக் குறிப்பது. பாடுவோன் மூன்று முறை (1, 9, 13) இறைவனைக் கூவி அழைக்கிறான். மூன்றிற்கும் மறுமொழி இல்லை. நேர்ச்சையோ நம்பிக்கை மொழியோ தனியுறுப்பாக இடம்பெறவில்லை. கையறுநிலைக்கு மிக அணுகி நிற்கும் சங்கீதம் இதுவே. ஆயினும் பாடல் முழுதும் முன்னிலையிலேயே அமைகிறது. மறுமொழி தராதவனை நோக்கியும் பேச்சு நின்றுவிடவில்லை. இம்முன்னிலை இலக்கணமே இப்பாடலில் எஞ்சிய நம்பிக்கை எனலாம்.

இப்பாடலின் இருவேறு முறையீடுகள் உளங்கொள்ளத்தக்கன. அறிமுகமானவர் தன்னைவிட்டு அகற்றப்பட்டனர் என 8ஆம் வசனம் கூறுகிறது. அன்பரும் தோழரும் அகற்றப்பட்டனர் என 18ஆம் வசனம் மீண்டும் கூறி முடிக்கிறது. துக்கத்தின் கொடுமை சாவின் அண்மையில் மட்டுமில்லை, மனிதர் விலகுவதிலும் உள்ளது. இங்கே ஒரு முரண் தோன்றுகிறது. தன்னோடு எவருமில்லை என்று கதறும் பாடலைச் சபை கூடி மன்றாடும்போது, அக்கதறலைப் பொய்யாக்காமலே அதற்கு விடையும் அளிக்கப்படுகிறது. இறைவனின் மறுமொழியைச் சபை தன் வாயால் தந்துவிடவில்லை. தோழர் அகன்றனர் என்னும் இடத்தில் தோழராய் நிற்கிறது. இந்நூலை ஒழுங்குபடுத்தியோர் 88ஐ நீக்காமலும், இறுதியில் ஒரு துதியை ஒட்டவைக்காமலும் விட்டமை இவ்வகையில் பொருளுடையது.

நன்றி: சொல்லும் உணவும்

நன்றியைக் குறிக்கும் எபிரேயப் பெயர்ச்சொல் 'தோடா'. அதன் வினையடி 'யாதா', ஒப்புக்கொள்ளுதல், வெளிப்பட அறிக்கையிடுதல் எனப் பொருள்படும். சங்கீதம் 32:5இல் பாவத்தை ஒப்புக்கொள்வதும், சங்கீதம் 136இல் நன்மையை ஒப்புக்கொள்வதும் இவ்வடியின் வினைகளே. தமிழ் மொழிபெயர்ப்பில் முன்னது 'அறிக்கை' ஆகிறது. பின்னது பழைய மொழிபெயர்ப்பில் 'துதி' எனவும், திருவிவிலியத்தில் 'நன்றி' எனவும் பெயர்க்கப்படுகிறது. சங்கீதம் 116:17இல் வரும் பலியை முன்னது 'ஸ்தோத்திரபலி' என்கிறது. பின்னது 'நன்றிப் பலி' என்கிறது. இறைவனின் நிலைத்த அன்பைக் குறிக்கும் 'கெசெத்' என்னும் சொல் முன்னதில் 'கிருபை', பின்னதில் 'பேரன்பு'.

இச்சொற்றேர்வுகள் வழிபாட்டு உணர்வை மாற்றவல்லன. 'துதி' என்னும் ஒரு சொல்லே புகழ்தலுக்கும் நன்றி கூறலுக்கும் வழங்கும்போது இரண்டுக்கும் உள்ள வேற்றுமை மங்குகிறது. புகழ்ச்சிக்கு நினைவு கட்டாயமில்லை. நன்றிக்கோ நினைவே முதல். எத்துயரிலிருந்து மீண்டேன் என்பதைச் சொல்லாமல் நன்றி கூற இயலாது. மறுபுறம், பழைய மொழிபெயர்ப்பின் 'ஸ்தோத்திரம்' சீர்திருத்தச் சபைகளின் அன்றாடப் பேச்சில் வாழ்த்தாகவும் நன்றியாகவும் வேரூன்றிய சொல். அதன் உணர்வாழம் எளிதில் வேறு சொல்லுக்கு மாற்றத்தக்கதன்று. தமிழ் அறநூல் மரபு இங்கு ஓர் ஒளி தருகிறது. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றியறிதல்' எனப் பெயர் பெறுகிறது. அங்கு நன்றி என்பது செய்யப்பட்ட நன்மை. அதனை மறவாது அறிதலே அறம். 'அறிதல்', 'அறிக்கை' என்பவற்றின் வேர் ஒன்றே. செய்ந்நன்றியறிதல் உள்ளத்தளவில் நிற்பது. தோடா அதனைச் சபைமுன் அறிவித்தலாக விரிப்பது.

சங்கீதம் 30 இவ்வமைப்பைத் தெளிவாகக் காட்டுகிறது. மீட்கப்பட்டவன் தன் பழைய செருக்கையும், இறைமுகம் மறைந்தபோது கலங்கியதையும், அன்று மன்றாடிய மொழியையும் (8–10) தன் நன்றிப்பாடலுக்குள்ளேயே மீண்டும் சொல்கிறான். புலம்பல் நன்றியால் அழிக்கப்படவில்லை. நன்றியின் உட்பகுதியாகக் காக்கப்படுகிறது. துயர ஆடை களையப்பட்டது என்று கூறுவோன் அதனை அணிந்திருந்ததையும் மறைப்பதில்லை.

தோடா சொல்லோடு நிற்பதில்லை. லேவியராகம விதிப்படி (7:15) நன்றிப்பலியின் இறைச்சியைப் படைத்த நாளிலேயே உண்ண வேண்டும். மறுநாள் காலைவரை எஞ்சக்கூடாது. நேர்ச்சைப் பலிக்கோ மறுநாளும் உண்ண இசைவு உண்டு. ஒரு விலங்கின் இறைச்சியை ஒரே நாளில் உண்டு முடிக்க ஒரு குடும்பம் போதாது. ஆகவே நன்றி விருந்தாகிறது. விருந்து கூட்டத்தை வேண்டுகிறது. சங்கீதம் 22இல் ஏழைகள் உண்பதும், சங்கீதம் 116இல் மக்கள் அனைவர் முன்னிலையிலும் பொருத்தனை நிறைவேறுவதும் (14, 18) இப்பின்புலத்தில் விளங்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளில் ஆலய விழாக்களின்போது சபையார் கூடி உண்ணும் 'அசனம்' இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. அசனம் லேவியராகம விதியிலிருந்து தோன்றியது என்று கூறுவதற்கில்லை. எனினும் நன்றி பலர் கூடி உண்ணும் பந்தியில் நிறைவுறும் என்னும் உணர்வில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

சபையின் வாய்

தனியொருவரின் 'நான்' சபையின் வாயில் எவ்வாறு ஒலிக்கிறது? வழிபாட்டு ஒழுங்குகள் இவ்வினாவுக்கு விடையளிக்கின்றன. ஆங்கிலிக்கத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபநூல் 150 சங்கீதங்களையும் 30 நாள்களுக்குக் காலை, மாலை எனப் பகுத்தது. இந்நூல் தமிழிலும் பெயர்க்கப்பட்டு, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த ஆங்கிலிக்கச் சபைகளில் அதற்கு முன்னர் வழங்கியது. அவ்வொழுங்கில் நான்காம் நாள் மாலைக்குரியன 22உம் 23உம். கைவிடப்பட்ட குரலும் மேய்ப்பனைப் பாடும் குரலும் ஒரே மாலையில் ஒரே வாயினின்று எழுகின்றன. மன்றாடுவோரின் மனநிலை பாடலைத் தேர்ந்தெடுப்பதில்லை, நாள் தேர்ந்தெடுக்கிறது.

இதன் விளைவு பெரிது. மகிழ்ச்சியில் இருப்பவரும் புலம்பலைச் சொல்ல நேர்கிறது. துக்கத்தில் இருப்பவரும் நன்றியைக் கேட்க நேர்கிறது. நாசிகளின் ஆட்சியில் இறைப்பணியாளர்க்கான பயிற்சி இல்லத்தை நடத்தி, 1945இல் கொல்லப்பட்ட தீத்ரிக் போன்கோபர் இதனை ஆழ்ந்து சிந்தித்தார். ஒருவர் தம் உணர்வோடு பொருந்தாத சங்கீதத்தை எதிர்கொள்ளும்போது, அது தம் வேண்டுதலன்று, கூட்டத்திலுள்ள வேறொருவரின் வேண்டுதல் என்று உணர வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அகுசுதீனோ சங்கீதங்களில் தலையாகிய கிறித்துவும் உடலாகிய சபையும் ஒரே குரலில் பேசுவதாகக் கண்டார். இருவர் விளக்கங்களும் 'நான்' என்பதைப் பகிரத்தக்க இடமாக்குகின்றன. அகத்திணைத் தலைவியின் கூற்று பெயர் சுட்டப்படாமையால் எவர்க்கும் பொருந்துமாறு போல, சங்கீதத்தின் 'நான்' எவர் துயருக்கும் இடந்தருகிறது.

எனினும் எல்லா ஒழுங்கும் எல்லாப் பாடலையும் ஏற்பதில்லை. 1970இல் அறிவிக்கப்பட்ட கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை ஒழுங்கு நான்கு வாரச் சுற்றில் அமைந்தது. அதில் பழிவேண்டும் பாடல்களாகிய 58, 83, 109 ஆகிய மூன்றும் விடப்பட்டன. சங்கீதம் 88 விடப்படவில்லை. சினத்தைச் சபை வாயில் வைக்கத் தயங்கியவர்களும் இருளை வைக்கத் தயங்கவில்லை என்பது கருதத்தக்கது.

ஒரே பாடல் எதிரெதிர் நிகழ்வுகளில் நிற்பதும் உண்டு. 1662ஆம் ஆண்டு ஒழுங்கு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் பெண்கள் நன்றி செலுத்தும் வழிபாட்டுக்குச் சங்கீதம் 116ஐயோ 127ஐயோ விதித்தது. அச்சங்கீதம் 116இன் வேறொரு வசனம் (15), அடியாரின் சாவு இறைவன் பார்வையில் அருமையானது என்னும் பொருளுடையது, தமிழ்க் கல்லறைக் கற்களிலும் நினைவிதழ்களிலும் இடம்பெறுகிறது. தொட்டிலருகும் கல்லறையருகும் ஒரே பாடல் நிற்க இயல்வதற்குக் காரணம், அது சாவின் கயிறுகளையும் (3) மீட்பின் கிண்ணத்தையும் (13) ஒருங்கே பேசுவதே.

துக்கத்தை விலக்கும் நன்றி

துக்கமும் நன்றியும் இணையும் இடத்தில் ஓர் இடரும் உண்டு. சங்கீதம் 107 மீட்கப்பட்ட நால்வகையினரைப் பாடுகிறது: பாலையில் அலைந்தோர், சிறைப்பட்டோர், நோயுற்றோர், கடலோடிகள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரே நன்றி அழைப்பு மீள வருகிறது (8, 15, 21, 31). கடலோடிகள் பகுதி புயலையும் அமைதியையும் கரைசேர்தலையும் விரித்துரைப்பது. நெய்தல்நில மக்களுக்கு விளக்கம் வேண்டாதது. ஆனால் கரை சேராதோரைப் பற்றி அப்பாடல் பேசுவதில்லை. 2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகளும் அதில் மாண்டனர். அத்தகைய நிகழ்வுக்குப் பின் ஒரே கோயிலில் மீண்டவரும் இழந்தவரும் அருகருகே முழந்தாளிடுகின்றனர். மீண்டவரின் நன்றி இழந்தவரின் செவியில் எவ்வாறு விழும் என்பது ஏட்டளவான வினா அன்று.

சங்கீத நூல் இதற்குத் தரும் விடை, இரண்டில் ஒன்றை நீக்காமை. 107உம் 88உம் ஒரே தொகுப்பில் நிற்கின்றன. நன்றிச் சாட்சிகள் மட்டுமே ஒலிக்கும் கூட்டத்தில் துயருற்றவர் தம் அழுகையைக் குற்றமாக எண்ணத் தலைப்படுவர். சங்கீதம் 137 இங்கு எச்சரிக்கிறது. கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்தபின் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோரிடம், சிறைப்பிடித்தோர் மகிழ்ச்சிப் பாடல் கேட்கின்றனர். அவர்களோ யாழை மரத்தில் மாட்டிவிடுகின்றனர். கட்டளைக்குப் பாடப்படும் துதி துதியன்று என்பதை அம்மறுப்பு உணர்த்துகிறது. வியப்பு யாதெனில், பாட மறுத்த அச்செய்தியும் ஒரு பாடலாகவே சபையின் கையில் சேர்ந்தது.

தமிழ்ச் சபைகளின் துக்க வழக்கங்களில் இவ்விணைப்பு ஏற்கெனவே இடம்பெற்றுள்ளது. கத்தோலிக்கர் ஏழாம் நாளிலும் முப்பதாம் நாளிலும் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றனர். சீர்திருத்தச் சபையார் வீட்டில் கூடி நடத்தும் நினைவு வழிபாட்டை நன்றி வழிபாடாகவும் அமைக்கின்றனர். மறைந்தவரின் வாழ்வுக்கு நன்றி கூறுதல் அவர் மறைவுக்கு அழுதலை விலக்குவதன்று. எந்நன்மைக்கு நன்றி சொல்லப்படுகிறதோ அந்நன்மையின் இழப்பே அழுகைக்கும் காரணம். அழுவாரோடு அழவும் மகிழ்வாரோடு மகிழவும் உரோமைச் சபைக்குப் பவுல் கூறிய அறிவுரையும் இரண்டையும் ஒரே கூட்டத்தின் கடனாகவே வைக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. மெய்ப்பாட்டியல் கூறும் அழுகையின் நான்கு நிலைக்களன்களும் புலம்பல் சங்கீதங்களில் காணப்படுகின்றன. அவற்றுள் இளிவு தலைமை பெறுகிறது. இழவு சாவினும் உறவு விலகலையே மிகுதியாகக் குறிக்கிறது. கையறுநிலையோடு நினைவு உத்தியில் ஒன்றுபடும் சங்கீதப் புலம்பல், கேட்போன் உயிருள்ளவன் என்பதால் முறையீடாக வேறுபடுகிறது. நன்றிப்பாடல் புலம்பலின் நினைவைத் தன்னுள் காக்கிறது. 'துதி', 'ஸ்தோத்திரம்', 'நன்றி' என்னும் மொழிபெயர்ப்புச் சொற்கள் இந்நினைவை வெவ்வேறு அளவில் வெளிப்படுத்துகின்றன. புலம்பலில் வரும் திருப்பம் துயர் தீர்ந்தமையைவிடக் கூட்டம் சேர்ந்தமையையே தெளிவாகக் காட்டுகிறது.

திரும்பாத பாடலாகிய 88ஐத் துதிகள் என்னும் பெயருடைய நூல் கைவிடவில்லை. பாட இயலாதவர் பொருட்டுப் பிறர் பாடும் இடமாகவும், அழ இயலாதவர் பொருட்டுப் பிறர் அழும் இடமாகவும் சபை அமையும்போதே அப்பெயர் முழுப்பொருள் பெறுகிறது. தமிழ்ச் சபைகளின் சாவு வீட்டு வழிபாடுகளில் எச்சங்கீதங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன, எவை தவிர்க்கப்படுகின்றன என்பதைக் களஆய்வின்வழித் தொகுத்தல் இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையத்தக்கது.